குடும்பப் பேச்சு, தேவையில்லை

கேட்டால்தான் என்ன என்று பூவராகன் நினைத்தார். நினைத்த கையோடு, கேட்கக்கூடாது என்றும் நினைத்தார். ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. சாப்பாட்டு வேளை முடிந்து வந்து உட்கார்ந்ததிலிருந்து அதை அவர் தொடவில்லை. எதிரே திரையில் தையற்காரி பிலோமினாவின் போனில் பதிவான பேச்சுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவரே போட்ட குறிப்பு. துணி கொடுத்தது, தேவையில்லை. ஜாக்கெட் கை இறுக்கம், தேவையில்லை. முழங்கால் வலி, வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக வேண்டுதல், குடும்பப் பேச்சு, தேவையில்லை. நடுவே, போன வருஷ ஆடி மாதத்தில், மற்றவற்றைப் போலவே ஒரு வரி: பெண், வாடிக்கையாளர், தையல், தேவையில்லை. அந்தப் பெண் அவருடைய மனைவி செங்கமலம். செத்துப்போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. இந்த உலகத்தில் செங்கமலத்தின் குரல் மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்த வரிதான், அதுவும் சாயங்காலம் அலுவலகம் மூடுகிறவரைக்கும்தான். அன்றைக்கு அவர் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. "அக்கா, நான்தான்" என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் தேள் கொட்டினவர்போல ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் குரல் லைனில் வந்தால் கேட்கக்கூடாது என்பது விதி. விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூடப் போனார்.

பல்லாவரம் தாண்டிப் பெயர்ப்பலகை இல்லாமல் நிற்கிற அந்தக் கட்டடத்தைப் பற்றி வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரியக்கூடாது. தொலைபேசி, வானலை, கடலுக்கடியில் போகிற கம்பி, எதில் யார் பேசினாலும் நாட்டுக்காக ஒட்டுக்கேட்கிற இலாகா அது. ஒட்டுக்கேட்பது என்று உள்ளே யாரும் சொல்லமாட்டார்கள். கேட்பது என்றுதான் சொல்லுவார்கள், ஏதோ கச்சேரி கேட்கிற மாதிரி. பூவராகன் வானிலை இலாகாவில் இருப்பதாகத்தான் தெருவில் பேச்சு. அது அவராகச் சொன்ன பொய் இல்லை, கூரைமேல் இருந்த பெரிய ஆன்டெனாக் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு யாரோ கட்டிவிட்டது, வசதியாகப் போயிற்று. வெயில் காலம் வந்தால் வடாம் போடுகிறவர்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். "சார், நாளைக்கு வெயில் அடிக்குமா?" இவர் திருதிருவென்று விழிப்பார். உள்ளேயிருந்து செங்கமலம் வந்து ஏதோ பதில் சொல்லி அனுப்பிவைப்பாள். என்ன சொல்லி அனுப்பினாள்? ஞாபகம் வரவில்லை. அவள் வருவது தெரிகிறது, ஈரக்கையைப் புடவையில் துடைப்பது தெரிகிறது, உதடு அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. மூன்று மாவட்டத்துப் பேச்சைக் கேட்டே பிரித்துச் சொல்லுகிறவர், இருமினால் இன்ன ஆள் என்று சொல்லுகிறவர், பெண்டாட்டியின் குரலை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். காலையில் மகள் சுபாஷிணியும் புனேயிலிருந்து இதையேதான் கேட்டாள். "அப்பா, அம்மா பேசுனது எங்கயாச்சும் ஒண்ணே ஒண்ணு இருக்காப்பா? எனக்கு மறந்துட்டே வருது. அம்மா திட்டுனத நெனச்சுப் பாத்தா என் குரல்லதான் கேக்குது." இல்லை என்றார். எப்படி இருக்கும்? போனில் குரலைப் பதிந்து அனுப்பாதே, வீடியோ எடுக்காதே, குரல் என்பது ஒருதடவை வெளியே போனால் யார் கையில் இருக்கும் என்று உனக்குத் தெரியாது என்று இருபது வருஷமாகச் சொன்னவர் அவர்தானே. செங்கமலமும் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பப் பழகிக்கொண்டாள். பால் வாங்கவா, கட்டைவிரல். வர லேட்டாகும், கட்டைவிரல். கல்யாணக் கேசட்டில் இருக்குமே என்று ஒருநாள் போட்டுப் பார்த்தார், முழுக்க நாதஸ்வரம்.

வழக்கு மூடுகிறபோது, அந்த லைனைக் கேட்டவரே கடைசியாக ஒருதரம் எல்லாவற்றையும் பார்த்து, வேண்டியதை நிறுத்தி, மீதியை அழித்துவிட வேண்டும். இதற்கு அலுவலகத்தில் கரைக்கிறது என்று பெயர். யார் வைத்தார்களோ, நல்ல நாளிலேயே கேட்கச் சகிக்காத பெயர், செங்கமலத்தின் சாம்பலைக் கடலில் விட்டுவிட்டு வந்தபிறகு இன்னும் மோசம். இன்றைக்கு மூடுகிற வழக்கில் பிலோமினா மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த அவளுடைய தம்பி மகன் ஜெரோம், அத்தையின் போனில் மணிக்கணக்காக யாரோடோ பேசினான், அந்த எண் ஏதோ ஒரு பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான். இவ்வளவு காலம் கேட்டதில் அவன் ஒரு பெண்ணோடு பேசினான் என்று தெரிந்தது. நாட்டுக்கு ஆபத்தில்லை, அவளுடைய அப்பனுக்கு வேண்டுமானால் ஆபத்து. பிலோமினாவின் வீட்டுக்குள் பூவராகனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எந்தக் கால் வலி, எந்த மருமகள் பேசுவதில்லை, எந்தக் கடையில் நூல் கடன், எல்லாம் அத்துப்படி. அவளிடம்தான் தன் பெண்டாட்டி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறாள் என்பது மட்டும் அந்த ஆடி மாதம்வரைக்கும் தெரியாது. ஊரான் வீட்டு நெய்யே என்று கேட்டுக் கேட்டு, தன் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் போன மனுஷன். அன்றைக்கே விதிப்படி மேலே சொல்லியிருக்க வேண்டும், என் மனைவி லைனில் வந்துவிட்டாள், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. சொன்னால் செங்கமலத்தை வேறு ஒருவன் கேட்பான். அது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் கேட்காமலே ஒரு குறிப்பைப் போட்டுத் தாண்டிப் போனார். ஆனால் பேச்சு நீளமானது என்பதை மட்டும் பார்த்துவிட்டார். ஒரு ஜாக்கெட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று தோன்றியது, வீட்டுக்குப் போய்க் கேட்க முடியாதே, எப்படித் தெரியும் என்பாளே, விட்டுவிட்டார்.

"என்ன சார், பிலோமினா கரைச்சாச்சா?" பக்கத்து மேசையில் தெலுங்கு கேட்கிற சூர்யகுமாரி. ஆரஞ்சுச் சுளை ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றாள். பூவராகன் பேசாமல் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், பேசாதே என்பதற்கு இந்தக் கூடத்தில் அதுதான் அடையாளம். அதைக் கண்டால் பெரிய அதிகாரியே வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். சூர்யகுமாரி மேசைமேல் கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். "காதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்றாள் மெதுவாக, சுளையைக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போனாள். கை இன்னும் இறங்காமல் நின்றது. இந்தக் கைதான். நாள் பூராவும் இரைச்சலும் கொரகொரப்பும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு வீட்டில் ஒரு சத்தமும் ஆகாது. அவர் வருவதற்கு முன்னாலேயே மிக்ஸி ஓடி முடிந்திருக்கும், குக்கர் இறங்கியிருக்கும், டிவியில் ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள். பாத்திரத்துக்கு அடியில் துணி போட்டு வைக்கிற பெண்ணை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னைக்கி என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். இவர் கையைத் தூக்குவார். கோபமெல்லாம் இல்லை, சாமி சத்தியமாகக் கோபம் இல்லை, பழக்கம். அவள் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்புறம் ஆரம்பிப்பதும் நின்றுபோயிற்று, எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை, வீடு அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். சுபாஷிணி குழந்தையாக இருந்தபோது அழுகிற பொம்மைக்கு முன்னால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி விளையாடினாள். அதைப் பார்த்து அவர்தான் சிரித்தார், செங்கமலம் சிரித்தாளா என்று தெரியவில்லை.

தை மாதம் டாக்டரம்மா கேட்டாள், "எப்பம்மா மொதல்ல தெரிஞ்சது?" செங்கமலம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், போன வாரம் என்று. டாக்டரம்மா நம்பவில்லை. "இது வருஷக் கணக்கா வளர்ந்த மாதிரி இருக்கு. வலி தெரியாமலா இருந்திருக்கும்? யார்கிட்டயும் சொல்லலையா?" செங்கமலம் தலையை ஆட்டினாள், இல்லை. ஆட்டிவிட்டு இவரை ஒரு பார்வை பார்த்தாள். பார்வைக்குச் சத்தம் கிடையாது, அதனால் இவருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பி, "நீங்களாவது கவனிக்கலையா சார்? போன வருஷமே வந்திருந்தா கதை வேற" என்றாள். கதை வேற. அந்த இரண்டு சொல் சித்திரை வரைக்கும் அவர் கூடவே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது, சுடுகாட்டுக்கு வந்தது, இப்போதும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. போன வருஷமே. ஆடி மாதம் போன வருஷம்தானே. ஐயோ, இது என்ன நினைப்பு. ஜாக்கெட்டைப் பற்றித்தான் பேசியிருப்பாள், கழுத்து இறக்கம், கை நீளம், கொக்கியா பட்டனா. இவ்வளவு நீளமாகவா? பெண்கள் பேச உட்கார்ந்தால் நேரமா தெரியும். ஆனால் அவள் பேசமாட்டாளே, அவள் பேசி எங்கே கேட்டோம். கேட்காமலே கரைத்துவிடலாம். கேட்காவிட்டால், அவள் ஜாக்கெட்டைப் பற்றித்தான் பேசினாள் என்று சாகிறவரைக்கும் நம்பிக்கொண்டு கிடக்கலாம். கேட்டால் குரல் கிடைக்கும். குரலோடு வேறு என்ன கிடைக்குமோ.

நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், அதற்கும் வழி இருக்கிறது. தேவையில்லை என்பதை அழித்துவிட்டுத் தேவை என்று போட்டால் போதும், அந்தப் பேச்சை யாராலும் தொட முடியாது, கட்டடம் இருக்கிறவரை இருக்கும். ஆனால் தேவை என்று ஒரு பேச்சு நின்றால் பேசினவளுக்கு ஓர் அட்டை திறப்பார்கள். பேர், எண், விலாசம், புருஷன், பிள்ளை குட்டி, யார் யாரோடு பழக்கம். செங்கமலத்தின் அட்டைக்குக் கீழே சுபாஷிணிக்கு ஓர் அட்டை. அவள் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். எங்கேயோ ஒரு மேசையில் ஒருவன் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணின் அம்மாமேல் என்னமோ இருந்திருக்கிறது என்பான். பாவம் பிலோமினாவையும் மறுபடி இழுப்பார்கள். ஆள் செத்தாலும் அட்டைக்குச் சாவு கிடையாது. அது போகட்டும், நிறுத்தி வைத்து இவர் என்ன செய்வார்? வருகிற மே மாதம் ஓய்வு. ஓய்வுபெற்ற மறுநாள் இந்த வாசலில் காவல்காரன்கூட அவரை உள்ளே விடமாட்டான். எடுத்துக்கொண்டு போவது என்ற பேச்சே கிடையாது, ஒரு குண்டூசி வெளியே போகாமல் சோதனை போடுகிறார்கள், அந்தச் சோதனைக்கு யோசனை சொன்ன பெரிய மனிதர்களில் அவரும் ஒருவர். காவல் வைத்த பூட்டில் அவளை அடைத்துவிட்டு, வெளியே நின்று, உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தானே வைத்திருந்தார்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. சூர்யகுமாரி தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். பூவராகன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். பழைய நாளில் பயிற்சி கொடுத்தவர்கள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு கேட்கச் சொல்லுவார்கள், ஒருதடவைதான், பிறகு மூச்சு விட்ட இடம் உட்பட அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒருதடவை, என்று சொல்லிக்கொண்டார், ஒரே ஒருதடவை, முழுக்க. "அக்கா, நான்தான்." ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இதுதான், இந்தக் குரல்தான், லேசாகக் கரகரப்பு, வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்ன இழுப்பு, எப்படி மறந்தது இது. "சொல்லு கமலம்," என்றாள் பிலோமினா, பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த ஊதாத் துணிய வெட்டிட்டீங்களா? வெட்டலன்னா எடது பக்கம் கொஞ்சம் தொளதொளன்னு விட்ருங்கக்கா." "இப்பதானே அளவெடுத்தேன், அதுக்குள்ளயா பெருத்துட்டே?" "பெருக்கலக்கா. அங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு. இறுக்கிப் போட்டா வலிக்குது." மிஷின் நின்றது. பூவராகனுக்கு அந்த நின்ற சத்தம் நன்றாகக் கேட்டது. "எத்தினி நாளா?" "பங்குனிலேருந்து." "அடிப்பாவி மகளே. வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?" செங்கமலம் சிரித்தாள். அவருக்கு இந்தச் சிரிப்பு தெரியாது, புதிது, அவர் வீட்டில் இந்தச் சிரிப்பு சிரிக்கப்பட்டதே இல்லை. "அவருகிட்ட எங்கக்கா சொல்றது, வாயத் தொறந்தா கைய இப்பிடிக் காட்டுவாரே. நீங்க பாத்ததில்ல, சாமி படத்துல அபயம் குடுக்குற மாதிரி. தப்பு சொல்லக் கூடாதுக்கா, பாவம், காது ரெண்டும் வெந்து போயி வருவாரு. இடி மின்னல் பூராம் அவருதான் கேக்கணும்போல." மறுபடி சிரிப்பு. "தெருவே எங்கிட்ட வந்து மழை வருமான்னு கேக்குது. நா என்னத்தக் கண்டேன். கால் வலிச்சா மழைங்குறேன், வலிக்கலன்னா வெயிலுங்குறேன். அதுவும் பலிக்குதுக்கா!" "கத பேசாத. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம், நா வரேன்." "போலாங்க்கா, எங்க ஓடிப்போவுது. அவரு ரிட்டையராயி வீட்ல உக்காந்துட்டா காது சும்மாதானே இருக்கும். அப்ப நிதானமா சொல்லிக்கலாம்னு எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன். இது மட்டுமா, நெறைய இருக்கு."

அதற்கப்புறமும் பேசினாள். மகள் ஊருக்குப் போனபிறகு வீட்டில் பல்லி கத்துவதுகூடக் கேட்கிறது என்றாள். புளி விலை சொன்னாள். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதை ஒரு நாடகம்போலச் சொன்னாள், பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். இவ்வளவு பேசுகிறவளா இவள். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளா. இதற்கா ஊர் பேச்செல்லாம் கேட்கச் சம்பளம் வாங்கினேன் என்று பூவராகன் நினைத்தார், கண் மறைத்தது, துடைக்கவில்லை, துடைக்கிற சத்தத்தில் ஒரு சொல் போய்விடும். "சரிக்கா, அவரு வர்ற நேரம், வச்சிடுறேன்" என்றாள் கடைசியில், ஒரு மூச்சு விட்டாள், வைத்துவிட்டாள். அன்றைக்கு ஆடி மாதம், அவர் இதே நாற்காலியில் இதே பேச்சைத் தாண்டிக் கடந்து, அடுத்ததற்குப் போய், ஜெரோம் அந்தப் பெண்ணுக்கு ஐஸ்க்ரீம் வாங்கித் தருவதாகச் சொன்னதை உன்னிப்பாகக் கேட்டு எழுதியிருக்கிறார். தை வரைக்கும் இவ்வளவு காலம் இருந்தது. கேட்டிருந்தால் கதை வேற. திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. எல்லாப் பேச்சுக்கும் கடைசியாக ஒருதரம் அது கேட்கும், கேட்டவரே பதில் சொல்ல வேண்டும்: தேவை, தேவையில்லை. இரண்டே பொத்தான். தேவை என்பதன்மேல் விரல் போய் நின்றது. தேவைதான், தெய்வமே, இதைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. பிறகு மகளை நினைத்தார், அட்டையை நினைத்தார், விரலை நகர்த்தித் தேவையில்லை என்பதை இரண்டாம் முறையாக அழுத்தினார். வரி போய்விட்டது, கீழே இருந்த வரி மேலே ஏறிக்கொண்டது. சூர்யகுமாரி பக்கத்தில் வந்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்றாள். அவர் கையைத் தூக்கவில்லை. "என் பொண்டாட்டி நல்லாப் பேசுவாம்மா" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சரி சார் என்றாள்.

வாசலில் காவல்காரனிடம் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே கேட்டதை வெளியே சொல்லுவதில்லை என்று கையெழுத்துப் போட்டவர், ஒருநாளும் அதை மீறாதவர். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார், வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது, முதலிலிருந்து முடிவுவரை, மூச்சு விட்ட இடம் உட்பட. ஒரு வரியையும் தாண்டக்கூடாது. கையைக் காட்டுவாரே என்று சொன்ன இடத்தையும் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் பெண் தன்னோடு பேசாமலே போய்விடலாம், அப்படியும் சொல்ல வேண்டும். எங்கேயோ ஒருவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதையும் கேட்பானோ என்று பழக்கத்தில் ஒரு நினைப்பு வந்தது. கேட்கட்டும். "சுபா," என்றார் போனில், "காலையில கேட்டியே. அம்மா பேசுனது ஒண்ணு இருக்கு. எங்கிட்டதான் இருக்கு, என் வாயால சொல்றேன், கேளு." மறுபக்கம் சுபாஷிணி, "என்னப்பா சொல்றீங்க? அம்மாவா? எப்ப பேசுனாங்க, யார்கிட்ட, நீங்க எங்கப்பா கேட்டீங்க?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். நட்ட நடு ரோட்டில், போகிற வருகிறவர்களுக்கு முன்னால், பூவராகனுடைய உள்ளங்கை தானாக மேலே போயிற்று. அதைப் பார்த்தார். இறக்கி, சட்டைப்பைமேல் வைத்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, நான்தான்" என்று ஆரம்பித்தார்.